ரெயின் ஜாக்கெட் கிழிஞ்சா தைக்காதீங்க, ஒட்டுங்க

சைக்கிள் ஓட்டற ஃப்ரெண்ட்ஸ் யாராச்சும் மழை ஜாக்கெட் கிழிஞ்சிருச்சுன்னு போன் பண்ணா நான் மொதல்ல கேக்கறது ஒண்ணு தான், இன்னும் ஊசி வைக்கலையே? கிழிசலப் பாத்ததும் நம்ம கை தானா ஊசி நூலுக்குத் தான் போகும், சட்டை பேண்ட்டுக்கு அது சரி, ஆனா வாட்டர்ப்ரூஃப் துணியில ஒவ்வொரு குத்தும் ஒரு புது ஓட்டை. டைலர் மிஷின்ல சாதாரணமா ஒரு இஞ்சுக்கு பத்து பன்னெண்டு தையல் விழும், ரெண்டு இஞ்ச் கிழிசல ரெண்டு வரிசை ஓட்டினா நாப்பது அம்பது ஓட்டை ஆயிருது. கிழிசல் மூடிக்கும், பாக்கவும் நீட்டா இருக்கும், ஆனா அடுத்த மழையில அதே எடத்துல கோடு கோடா நனையும். இது ஒட்ட வேண்டிய வேலைங்க. அந்த ஒட்டு நிக்கறதும் நிக்காததும் அதுக்கு முன்னாடி எவ்வளவு நல்லா தொடைக்கறோம்ங்கறதுல தான் இருக்கு. இத தமிழ்ல விலாவாரியா எழுதி வைக்கணும்னு ரொம்ப நாளா நெனச்சுட்டு இருந்தேன், இப்ப என் ஜாக்கெட்டே கிழிஞ்சு சரி பண்ணியாச்சு, அதனால எழுதிடறேன்.

தென்மேற்கு பருவமழை சீசன்ல வால்பாறை போயிருந்தோம். ஆழியார் செக்போஸ்ட் தாண்டினா மேல 40 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொண்ணுக்கும் நம்பர் போர்டு இருக்கும், 9ஆவது வளைவுல லோம்ஸ் வியூ பாயிண்ட், அங்க நின்னு ஆழியார் டேமப் பாக்கற வரைக்கும் நல்ல வெளிச்சம். அட்டகட்டி வந்ததும் ஆரம்பிச்ச மழை வால்பாறை டவுன் வரைக்கும் விடவே இல்ல. தமிழ்நாட்டுலயே ரொம்ப அதிகமா மழை பெய்யற எடங்கள்ல ஒண்ணான சின்னக்கல்லாறு அந்தப் பக்கம் தான இருக்கு, ஜூன் ஜூலையில அங்க ஜாக்கெட் இல்லாம யாரும் ஏற மாட்டாங்க. திரும்பி எறங்கறப்ப ஒரு எஸ்டேட் ஓரமா எதுத்தாப்ல பஸ் வந்துச்சு, வளைவுல பஸ்ஸுக்கு முழு ரோடும் வேணும், நாங்க எடது பக்கம் ஒதுங்கி நின்னோம், வேலியில இருந்து அந்துபோன முள்கம்பி ஒண்ணு ரோட்டுப் பக்கம் நீட்டிட்டு இருந்துருக்கு, அது ஜாக்கெட்டோட எடது கைய பிடிச்சு இழுத்துருச்சு. டர்ருனு ஒரு சத்தம். முழங்கைக்கு கொஞ்சம் கீழ, சரியா 'ட' எழுத்து மாதிரி கிழிசல், ஒரு பக்கம் கட்டைவெரல் நீளம், இன்னொரு பக்கம் அதுல பாதி, நடுவுல துணி முக்கோணமா தொங்குது.

நடந்து போறவங்களுக்கு கையில கிழிஞ்சா பெருசா ஒண்ணும் ஆகாது. சைக்கிள்ல கை முன்னாடி நீண்டு ஹேண்டில்பார் மேல இருக்கும், எறக்கத்துல வர்ற மழை நேரா அந்தக் கையில தான் அடிக்கும், கிழிசல் வழியா போன தண்ணி உள்ளயே ஓடி ஒரு பக்கம் க்ளவுஸ்லயும் இன்னொரு பக்கம் முழங்கையிலயும் தேங்கிரும். வால்பாறை சுமார் 1,100 மீட்டர் உயரம், ஊட்டி 2,240 மீட்டர், ஆயிரம் மீட்டருக்கு சுமார் ஆறு டிகிரி கொறையும்னு வச்சுக்கங்க, அதோட நனைஞ்ச துணி, காத்து, எறக்கத்துல பெடல் மிதிக்கறதும் இல்லாததால ஒடம்புல சூடு உண்டாகறதும் இல்ல. வெரல் மரத்துப் போச்சுன்னா பிரேக் லீவர அழுத்தற பலம் போயிரும், அதுவும் ஈர ரோட்டுல. அதனால மலை எறக்கத்துல ஜாக்கெட் கிழிசல்ங்கறது சேஃப்டி விஷயம், அத நான் எப்பவும் சீரியஸா தான் எடுத்துக்குவேன்.

ரோட்ல இருக்கறப்ப அதுக்குன்னு ஒரு தற்காலிக வேலை இருக்கு. பம்ப் மேல ரெண்டு மூணு சுத்து டக்ட் டேப் சுத்தி வச்சிருப்பேன், நெறைய பேர் வச்சிருப்பீங்க. ஈரத் துணியில டேப் ஒட்டாது, அதனால கிழிசல் மேல சின்ன துண்டா வெட்டி ஒட்டறதுக்கு பதிலா கையச் சுத்தி முழு வளையமா போட்டுரணும், அப்ப டேப்போட முனை டேப் மேலயே ஒட்டிக்கும், துணி ஈரமா இருந்தாலும் கழண்டு வராது. ரத்த ஓட்டம் நிக்கற மாதிரி இறுக்கிறாதீங்க, கைய மடக்கி நீட்டிப் பாத்துட்டு விடுங்க. வீட்டுக்கு வந்த ஒடனே அத உரிச்சிரணும். வெயில்ல அந்த டேப்போட பசை எளகி துணிக்குள்ள எறங்கிருச்சுன்னா அப்புறம் நல்ல பேட்ச் ஒட்டறதுக்கு அதுவே எதிரி.

இப்ப துணியப் பத்தி கொஞ்சம் சொல்லணும், இது புரிஞ்சா தான் எங்க ஒட்டணும்னு புரியும். வெளிய நம்ம கண்ணுக்குத் தெரியற நைலானோ பாலியஸ்டரோ வெறும் பலத்துக்கு மட்டும் தான். தண்ணிய நிறுத்தறது அதுக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கற ஒரு மெல்லிய படலம். 3 லேயர் ஜாக்கெட்டுன்னா அந்தப் படலத்துக்கும் உள்ள இன்னொரு மெல்லிசு பின்னல் துணி ஒட்டியிருக்கும், 2.5 லேயர்னா துணிக்கு பதிலா படலத்து மேல கோடு கோடாவோ புள்ளி புள்ளியாவோ ஒரு பிரிண்ட் இருக்கும், 2 லேயர்னா தனியா ஒரு லைனிங் தொங்கும். இதெல்லாம் போக வெளித்துணி மேல தண்ணி நிக்காம உருண்டு ஓடறதுக்கு ஒரு பூச்சு, டிடபிள்யூஆர்னு சொல்லுவாங்க. கிழிசல்னா இதுல துணி, படலம் ரெண்டும் சேந்து போயிருக்கும். துணிய மட்டும் இழுத்துச் சேத்தா பிரயோஜனம் இல்ல, படலத்த மறுபடி மூடணும்.

இந்தப் படலத்தோட கதை ரொம்ப சுவாரசியமானது. 1823ல ஸ்காட்லாந்துல சார்ல்ஸ் மெக்கின்டாஷ் ரப்பர நாஃப்தாவுல கரைச்சு ரெண்டு துணிக்கு நடுவுல பூசி மழைக்கோட்டுத் துணி பண்ணாரு, தண்ணி உள்ள வராது, ஆனா வேர்வையும் வெளிய போகாது. 1969ல அமெரிக்காவுல பாப் கோர், பிடிஎஃப்இ கம்பியச் சூடு பண்ணி மெதுவா இழுத்துப் பாத்து பாத்து அது அந்துட்டே இருந்ததால ஒரு தடவ வெடுக்குனு இழுத்தாரு, அது அறுகாம பல மடங்கு நீண்டு, உள்ள கண்ணுக்குத் தெரியாத துளைகளோட விரிஞ்சு வந்துச்சு. நம்ம நான்ஸ்டிக் தோசைக்கல்லுல இருக்கற அதே டெஃப்லான் சாமான் தான் அது. நீராவி போற அளவுக்கு பெரிய துளை, தண்ணிச் சொட்டு நுழைய முடியாத அளவுக்குச் சின்ன துளை, அதுதான் கோர்-டெக்ஸ் ஆச்சு. நம்ம ஆளுங்க நெறைய பேர் போட்டிருக்கற வெல கம்மி ஜாக்கெட்ல இருக்கறது பியூ, அதாவது பாலியூரிதேன்ங்கற பிளாஸ்டிக் படலம், என்னோடதும் அதுதான், 2.5 லேயர். எங்க தாத்தா தலைமுறையில சாக்க மடிச்சு கொங்காடை போட்டுட்டு மழையில காட்டுக்குப் போவாங்க, அது நனையும், ஆனா உள்ள கதகதப்பு போகாது, குளிர் காத்தத் தடுக்கறது தண்ணியத் தடுக்கறதுக்கு சமமா முக்கியம்னு அவங்களுக்கு தெரிஞ்சிருக்கு.

லேபிள்ல 10,000 எம்எம்னு போட்டிருப்பாங்களே, அது அந்தத் துணி மேல பத்து மீட்டர் உயரத்துக்கு தண்ணி நின்னு அழுத்தினாலும் ஒழுகாதுங்கற கணக்கு. கேக்க பெரிய நம்பர் தான், ஆனா பேக் பட்டை அழுத்தற தோள்பட்டை, மடங்கற முழங்கை இங்கெல்லாம் அழுத்தம் ரொம்ப ஜாஸ்தி. பேட்ச்சும் அதே அழுத்தத்த தாங்கணும். அதனால தான் சும்மா மேல ஒரு ஸ்டிக்கர் ஒட்டிட்டுப் போறது பத்தாதுன்னு சொல்றேன்.

ஒட்ட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஜாக்கெட்டுக்கு இன்னும் உயிர் இருக்கான்னு பாத்துருங்க. நம்ம ஊர் சூட்டுக்கும் ஈரத்துக்கும் பியூ படலம் தானாவே மக்கிப் போகும், ஈரமா சுருட்டி டப்பாவுல போட்டு வச்சா இன்னும் சீக்கிரம். உள்பக்கத்த கட்டைவெரலால நல்லா தேச்சுப் பாருங்க, வெள்ளையா பொடுகு மாதிரி உதிர்ந்தாலோ, பிசுபிசுன்னு கையில ஒட்டினாலோ, ஒரு மாதிரி புளிச்ச வாடை வந்தாலோ அந்த ஜாக்கெட் முடிஞ்சுது, அதுல பேட்ச் ஒட்டினா பேட்ச் படலத்தோட சேந்து உரிஞ்சு வரும். அத வெறும் காத்துத் தடுப்பா வெயில் காலத்துக்கு வச்சுக்கலாம், மழைக்கு வேண்டாம். வழவழன்னு முழுசா இருந்தா தாராளமா சரி பண்ணலாம், எவ்வளவு பழசா இருந்தாலும் பரவால்ல.

இப்ப தொடைக்கற வேலை, இதுதான் உண்மையான ரிப்பேர். ஜாக்கெட்ல என்னெல்லாம் இருக்குன்னு யோசிங்க, வேர்வை உப்பு, சன்ஸ்கிரீன், செயின் ஆயில், முன்னாடி போன லாரி டயர்ல இருந்து தெறிச்ச ரோட்டு அழுக்கு, அதுக்கு மேல வாஷிங் மிஷின்ல போட்ட ஃபேப்ரிக் கண்டிஷனர். இதுல ஒண்ணு கூட பசைக்கு ஆகாது. மொதல்ல முழு ஜாக்கெட்டையும் தொவைக்கணும், ஜிப்பெல்லாம் மூடிட்டு, வெதுவெதுப்பான தண்ணியில, லிக்விட் சோப்பு ரொம்பக் கொஞ்சமா விட்டு கையாலயே அலசுங்க. இதுக்குன்னே நிக்வாக்ஸ் மாதிரி கம்பெனிங்க தனி வாஷ் விக்கறாங்க, கெடச்சா நல்லது. பவுடர் வேண்டாம், கண்டிஷனர் வேண்டவே வேண்டாம், ப்ளீச் நெனச்சே பாக்காதீங்க. சோப்பு போகற வரைக்கும் ரெண்டு மூணு தண்ணி மாத்தி அலசுங்க, நொரை நின்ன பின்னாடியும் இன்னொரு தண்ணி. முறுக்கிப் பிழியாம நிழல்ல தொங்க விடுங்க. மழைக்காலத்துல பாத்தா காஞ்ச மாதிரி இருக்கும், சீம், அதாவது ரெண்டு துணியச் சேத்துத் தைச்ச கோடு, அந்த ஓரத்துல ஈரம் நிக்கும், ஃபேனுக்கு அடியில ஒரு ராத்திரி கெடக்கட்டும்.

காஞ்ச அப்புறம் கிழிசலச் சுத்தி நாலு வெரல் அகலத்துக்கு ஆல்கஹால் வச்சு தொடைக்கணும். இங்க எது வாங்கறோம்ங்கறது முக்கியம். கோவிட் டைம்ல வாங்கின சானிடைசர் பாட்டில் எல்லார் வீட்டுலயும் இருக்கும், அதுல கை காயாம இருக்க கிளிசரின் போட்டிருப்பாங்க, அது துணியில படிஞ்சுரும். மருந்துக்கடையில சர்ஜிக்கல் ஸ்பிரிட் கேட்டா சில வகையில எண்ணெய் சேத்திருக்கும். வேணுங்கறது ஐசோப்ரோபைல் ஆல்கஹால். மொபைல் சர்வீஸ் பண்ற கடையில போர்டு தொடைக்க வச்சிருப்பாங்க, ஐபிஏன்னு கேட்டா தெரியும், நான் கோவை காந்திபுரத்துல அப்படி ஒரு கடையில தான் சின்ன பாட்டில்ல வாங்கினேன். வெள்ளைக் காட்டன் துணியில நனைச்சு ஒரே தெசையில தொடைங்க, துணி அழுக்காச்சுன்னா வேற எடம் மாத்தி மறுபடி, துணி வெள்ளையாவே வர்ற வரைக்கும். டக்ட் டேப் பசை ஒட்டியிருந்தா இதுலயே ஊறவச்சு வெரலால உருட்டி எடுத்துரலாம். பெட்ரோல், தின்னர் இதெல்லாம் பக்கத்துலயே கொண்டு போகாதீங்க, பசை போகும், கூடவே படலத்த ஒட்டியிருக்கற பசையும் போகும். தொடச்ச எடத்த அப்புறம் வெரலால தொடாதீங்க, நம்ம வெரல்லயே எண்ணெய் இருக்கு.

பேட்ச்சுக்கு என்ன போடறதுன்னு கேட்டீங்கன்னா, டெனேஷியஸ் டேப்னு கியர் எய்ட் கம்பெனியோடது ஒண்ணு இருக்கு, டென்ட் ஜாக்கெட் ரெண்டுக்கும் ஆகும். டெக்கத்லான் ஸ்போர்ட்ஸ் கடையிலயும் ரிப்பேர் பேட்ச் விக்கறாங்க. எனக்கு ரொம்பப் பிடிச்ச வழி வேற. நெறைய ஜாக்கெட்டோட அத மடிச்சுப் போட அதே துணியில சின்ன பை குடுப்பாங்க, யாரும் அத யூஸ் பண்றதே இல்ல, அதுல இருந்து ஒரு துண்டு வெட்டினா கலரும் சேரும் துணியோட வளையற தன்மையும் சேரும். அத ஒட்ட யூரிதேன் பசை வேணும், சீம் கிரிப் மாதிரி, காஞ்சாலும் ரப்பர் கணக்கா வளையறது. இன்னொண்ணு, இப்ப சொல்ற எதுவும் சில்நைலான் துணிக்கு ஒட்டாது, அதுல சிலிக்கான் பூசியிருக்கும், அதுக்கு சிலிக்கான் பசை தான். சைக்கிள் ஜாக்கெட்ல அது அபூர்வம், தலை வழியா போத்திக்கற பான்ச்சோ வச்சிருக்கறவங்க பாத்துக்கங்க.

நெறைய பேர் கேக்கற இன்னொரு கேள்வி, பஞ்சர் கிட்ல இருக்கற சொல்யூஷனும் பேட்ச்சும் போடலாமான்னு. வேண்டாங்க. அது ட்யூப் ரப்பரோட சேந்து ரப்பராவே ஆகறதுக்குன்னு செஞ்ச சாமான், நைலான் மேல அதுக்கு பிடிமானம் இல்ல, ஒரு தொவையல்ல கழண்டுரும். சூப்பர் குளூவும் வேண்டாம், அது கல்லு மாதிரி எறுகிரும், முழங்கை மடங்கறப்ப அந்த எறுகின ஓரத்துல இருந்தே புதுசா கிழியும்.

என் ஜாக்கெட்டுக்கு நான் பேட்ச்ச உள்பக்கம் போட்டேன், 2.5 லேயர்ல உள்பக்கம் வழவழன்னு இருக்கறதால நல்லா ஒட்டும், படலமும் அங்க தான இருக்கு. 3 லேயர்னா உள்ள இருக்கற பின்னல் துணி மேல டேப் சரியா உக்காராது, அதுக்கு வெளிப்பக்கம் ஒட்டுங்க. லைனிங் தொங்கற 2 லேயர்ல உள்ள கையே போகாது, அதுக்கும் வெளிய தான்.

கை குழாய் மாதிரி இருக்கறதால டேபிள்ல விரிக்க முடியாது. கைய உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி திருப்பி, காய் நறுக்கற பலகை ஒண்ண உள்ள விட்டேன். அதுக்கு முன்னாடியே வெளிப்பக்கத்துல கிழிசலோட ரெண்டு ஓரத்தையும் ஒண்ணோட ஒண்ணு சேத்து மாஸ்கிங் டேப் போட்டாச்சு, பெயிண்டர்ங்க ஓரத்துக்கு ஒட்டுவாங்களே அந்த பேப்பர் டேப். இத மட்டும் அவசரப்படாம பண்ணுங்க. ரிப்ஸ்டாப் துணியில சின்னச் சின்னதா கட்டம் கட்டமா தடிச்ச நூல் ஓடும், கிழிசலுக்கு ரெண்டு பக்கமும் அந்தக் கட்டம் நேரா சேருதான்னு வெளிச்சத்துல பாத்து ஒட்டணும், ஒரு கட்டம் தள்ளிப் போனாலும் துணி சுருங்கி அங்க எப்பவும் ஒரு மடிப்பு நிக்கும். ஓரத்துல பிசிறு நூல் தொங்கினா கூர்மையான சின்ன கத்திரியால வெட்டிருங்க, லைட்டர்ல காட்டிப் பொசுக்கற பழக்கம் கயித்துக்கு சரி, இங்க பண்ணா படலம் சுருண்டுரும்.

பேட்ச் கிழிசல விட எல்லாப் பக்கமும் ரெண்டு சென்டிமீட்டருக்கு கொறையாம பெருசா இருக்கணும். மூலை எல்லாம் வட்டமா வெட்டணும், நான் ஒரு ரூபா காயின மூலையில வச்சு வரைஞ்சு வெட்டினேன். கூர் மூலை இருந்தா பேட்ச் அங்க இருந்து தான் உரிய ஆரம்பிக்கும். பின்னாடி இருக்கற பேப்பர மொத்தமா உரிக்காம பாதி உரிச்சு, ஒரு ஓரத்துல வச்சு, ஸ்பூனோட முதுகால அழுத்தித் தேச்சுட்டே மீதிப் பேப்பர இழுத்துட்டு போகணும், அப்ப காத்து உள்ள மாட்டாது. பேட்ச்ச இழுத்து ஒட்டாதீங்க, அது பழைய நீளத்துக்கே திரும்பப் பாக்கும், ஓரம் தூக்கிரும். அப்புறம் மேல ஒரு காட்டன் கைக்குட்டை போட்டு, அயர்ன் பாக்ஸ நைலான் சூட்டுல வச்சு சும்மா ஒத்தி ஒத்தி எடுத்தேன், பசை எளகி துணியோட இழைக்குள்ள எறங்கறதுக்கு. மேல நாலஞ்சு கனமான புக்கு அடுக்கி ராத்திரி பூரா அப்படியே விட்டாச்சு. ஒட்டி 24 மணி நேரத்துக்கு தண்ணி காட்டக் கூடாது.

அடுத்த நாள் வெளிப்பக்க மாஸ்கிங் டேப்ப உரிச்சா மயிரிழை மாதிரி 'ட' மட்டும் தெரியும். அந்தக் கோடு மேல பல்குத்தற குச்சியால சீம் கிரிப்ப மெல்லிசா ஓட்டினேன், 'ட'வோட அந்த மூலையில மட்டும் கொஞ்சம் தாராளமா, ஏன்னா ரெண்டு பக்க இழுப்பும் வந்து சேர்ற எடம் அதுதான், மறுபடி கிழிஞ்சா அங்க தான் ஆரம்பிக்கும். அதிகமா அப்பிட்டா துணி அட்டை மாதிரி வெறைச்சுப் போகும், கண்ணுக்குத் தெரியாத அளவு போதும். காய எட்டுல இருந்து பன்னெண்டு மணி நேரம் ஆகும். இந்த வகை பசை காத்துல இருக்கற ஈரத்த வச்சு தான் எறுகும், அதனால மழைக்காலத்துல ஒட்டறதுல ஒரு தப்பும் இல்ல. ட்யூப்ப தொறந்துட்டா மிச்சப் பசை எறுகிப் போயிரும்னு எல்லாரும் பொலம்புவாங்க, மூடிய நல்லா துடைச்சு மூடி ஒரு ஜிப் கவர்ல போட்டு ஃப்ரீசர்ல வச்சா ரொம்ப நாளைக்கு வரும்.

டெஸ்ட் பண்ணாம வெளிய எடுத்துட்டு போகாதீங்க. ஒரு கிண்ணத்து வாய் மேல அந்த எடத்த குழிவா போட்டு, அடியில டிஷ்யூ பேப்பர் வச்சு, மேல தண்ணி ஊத்தி ஒரு பத்து நிமிஷம் விடுங்க, நடுவுல வெரலால தண்ணிக்கு மேல இருந்து லேசா அழுத்துங்க. டிஷ்யூல ஒரு புள்ளி கூட ஈரம் இல்லைன்னா சரி. என்னோடதுல டிஷ்யூ காஞ்சே வந்துச்சு, அதுக்கப்புறம் கோத்தகிரி எறக்கத்துல கொட்டின மழையிலயும் அந்தக் கை உள்ள ஈரம் வரல.

தைக்கவே கூடாதான்னா அப்படியும் இல்ல. ஜிப், இடுப்பு எலாஸ்டிக், கை நுனி வெல்க்ரோ இதெல்லாம் தையல் வேலை தான். கிழிசல ஒட்டின கையோட ஜிப்புக்காக டவுன்ஹால் பக்கம் எனக்குப் பழக்கமான டைலர் அண்ணன் கிட்ட போனேன், மூடின அப்புறமும் ஜிப் நடுவுல வாயப் பொளந்துட்டு நின்னுச்சு. அவரு ஜாக்கெட்ட வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்துட்டு, "ஏந்தம்பி, இத எதுக்கு ஒட்டிட்டு, எங்கிட்ட குடுத்திருந்தா ரெண்டு ஓட்டு ஓட்டிக் குடுத்திருப்பேனே"ன்னாரு. ஊசி ஓட்டை விஷயத்த சொன்னேன். கொஞ்ச நேரம் உள்பக்க சீம் டேப்ப நெகத்தால நெருடிப் பாத்தாரு. "அப்ப கம்பெனிக்காரன் தைச்ச எடத்துக்கெல்லாம் மேல இந்த டேப்ப ஓட்டியிருக்கான், நாம தைச்சா அதுக்கும் மேல இது வேணும்னு சொல்ற, அதானே?" அதேதாங்கண்ணான்னேன். ஒரே பார்வையில முழு விஷயத்தையும் பிடிச்சுட்டாரு. ஜிப்ப மாத்த வேண்டாம், பல்லு நல்லா இருக்கு, ரன்னர் தான் தேஞ்சிருக்குன்னு சொல்லி பழைய ரன்னர எடுத்துட்டு புதுசு போட்டுக் குடுத்தாரு, ஜிப் மொத்தமா மாத்தியிருந்தா ஜாக்கெட் முன்பக்கம் பூரா பிரிச்சுத் தைக்க வேண்டி வந்திருக்கும். வேர்வை உப்பு ஏறித் தான் ரன்னர் தேயுது, ரைடு முடிஞ்சு ஜிப்ப மட்டுமாச்சும் நல்ல தண்ணியில கழுவுன்னும் சொன்னாரு. அப்படியும் எங்கயாச்சும் தைச்சே ஆகணும்னா 11 நம்பர் ஊசி, பாலியஸ்டர் நூல், தையல் கொஞ்சம் நீளமா, தைச்ச அப்புறம் உள்பக்கம் சீம் டேப்போ சீம் கிரிப்போ கட்டாயம். காட்டன் நூல் தண்ணிய உறிஞ்சி உள்ள கொண்டு வந்துரும்.

சீம் டேப்னு சொன்னேன்ல, அது நமக்கு கைக்கெட்டற தூரத்துல கெடைக்கற சாமான். திருப்பூர்ல எக்ஸ்போர்ட் யூனிட்ல வேலை பாக்கற ஃப்ரெண்ட் ஒருத்தன் மிச்சமான ரோல்ல இருந்து கொஞ்சம் வெட்டிக் குடுத்தான். ஃபேக்டரியில சூடான காத்து அடிக்கற மிஷின்ல ஓட்டுவாங்க, வீட்ல அயர்ன் பாக்ஸ்லயே சின்ன எடத்துக்கு சமாளிக்கலாம். 2.5 லேயருக்கு கண்ணாடி மாதிரி தெரியற டேப், 3 லேயருக்கு மேல பின்னல் துணி ஒட்டின டேப், மாத்திப் போட்டா நிக்காது. என் ஜாக்கெட்டுக்கு தோள்பட்டையில ஒரு எடம் டேப் தூக்கியிருந்துச்சு, அந்த எடத்த ஐபிஏ வச்சு தொடச்சுட்டு அதே டேப்ப கைக்குட்டைக்கு மேல சூடு காட்டி அழுத்தினதுலயே ஒட்டிக்கிச்சு, புது டேப் தேவைப்படல.

பேட்ச் எல்லாம் சரியா இருந்தும் ஜாக்கெட் ஒழுகுதுன்னு சில பேர் சொல்லுவாங்க, பெரும்பாலும் அது ஒழுகல் இல்ல. வெளிய இருக்கற டிடபிள்யூஆர் பூச்சு போயிருச்சுன்னா தாமரை இலை தண்ணி மாதிரி உருண்டு ஓட வேண்டிய மழை துணியில ஊறி நிக்கும், அப்ப உள்ள இருக்கற வேர்வை ஆவி வெளிய போக வழியில்லாம உள்பக்கமே தண்ணியா எறங்கும், சில்லுன்னு இருக்கும், நாம மழை உள்ள வந்துருச்சுன்னு நெனச்சுக்குவோம். தொவச்சு நல்லா காயவச்சு, கொறஞ்ச சூட்டுல துணி போட்டு அயர்ன் பண்ணா பழைய பூச்சு ஓரளவுக்கு திரும்ப எந்திரிக்கும். அப்பவும் தண்ணி உருளலைன்னா புதுசா ஸ்ப்ரே அடிக்கணும், பேட்ச் ஒட்டின அப்புறம் தான் அடிக்கணும், முன்னாடி அடிச்சா பசை பிடிக்காது. பழைய பூச்சுல இருந்த ஃப்ளோரின் கெமிக்கல் மண்ணுலயும் தண்ணியிலயும் மக்காம தங்குதுன்னு தெரிஞ்சு, அதுல பிஎஃப்ஓஏங்கற கெமிக்கல 2019ல ஸ்டாக்ஹோம் ஒப்பந்தம்ங்கற சர்வதேச ஒப்பந்தத்துல தடைப் பட்டியல்ல சேத்தாங்க. இப்ப வர்ற புது வகை பூச்சு எண்ணெய் அழுக்குக்கு சீக்கிரம் தோத்துப் போகும், அதனால புது ஜாக்கெட் வச்சிருக்கறவங்க முன்ன விட அடிக்கடி தொவைக்கணும். தொவச்சா கெட்டுரும்னு பயந்து வருஷக் கணக்கா தொவைக்காம வச்சிருக்கறது தான் ஜாக்கெட்டுக்கு நெஜமாவே கெடுதல்.

சமவெளியில ஓட்டறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். சென்னையில ஈசிஆர்ல ஓட்டற ஃப்ரெண்ட்ஸ் விலை ஒசந்த ஜாக்கெட் வாங்கிட்டு உள்ள வேர்த்துக் கொட்டுதுன்னு வருத்தப்படுவாங்க. ஜாக்கெட்டுக்கு உள்ளயும் வெளியயும் இருக்கற சூடு, ஈரப்பத வித்தியாசத்துல தான் ஆவி வெளிய போகுது, வெளியவே 90 சதவீதம் ஈரப்பதம் இருந்தா அது எங்க போகும். அங்க மழையில நனைஞ்சுட்டே ஓட்டறது தான் சொகம், காத்துக்கு ஒரு மெல்லிய விண்ட்சீட்டர் போதும். ஊட்டி, வால்பாறை, ஏற்காடு, கொடைக்கானல்னு எறங்கறவங்களுக்கு தான் நல்ல வாட்டர்ப்ரூஃப் வேணும், அவங்க அத காப்பாத்தி வச்சுக்கவும் வேணும். பேட்ச்சுக்கு ஆகற செலவு சில நூறு ரூபா, புது ஜாக்கெட்டுக்கு பல ஆயிரம்.

இப்ப டூல் பேக்ல டயர் லீவர், ஸ்பேர் ட்யூப்போட சேத்து ஒரு சின்ன கவர் வச்சிருக்கேன், அதுல மூலைய வட்டமா வெட்டி ரெடியா வச்ச டெனேஷியஸ் டேப் துண்டு ரெண்டு சைஸ்ல, கூட மருந்துக்கடையில ஊசி போடறதுக்கு முன்னாடி தொடைக்க விக்கற ஆல்கஹால் ஸ்வாப் பாக்கெட். அந்த ஸ்வாப் ஒவ்வொண்ணும் தனித்தனியா சீல் பண்ணியிருக்கும், 70 சதவீதம் ஐசோப்ரோபைல் தான், எடையே இல்ல. வழியில டீக்கடை ஓரமா நின்னு துணிய நல்லா காயவிட்டு தொடைக்க பத்து நிமிஷம் கெடச்சா போதும், டக்ட் டேப் வளையத்துக்கு பதிலா நேரா பேட்ச்சே போட்டுட்டு எறங்கிரலாம்.